‘வெறும் பெப்டைடுதானே?’: புற்றுநோய் எழுதிய கடிதமும், ஜிம்முக்கு வந்த குப்பியும்

ஜிம் வட்டாரத்தில் இப்போது அதிகம் காதில் விழும் சொல் ‘பெப்டைட்’. புரோட்டீன் பவுடர் பழசாகிவிட்டது, ஸ்டீராய்டு என்றால் பயம். இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது இது. “ஸ்டீராய்டு எல்லாம் இல்ல ப்ரோ, வெறும் பெப்டைடுதான். உடம்புலயே இருக்கிறதுதானே!” என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

உடம்பில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த ‘வெறும்’ என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். இந்த ஊசிகளில் சிலவற்றின் மூல வடிவத்தை விஞ்ஞானிகள் முதன்முதலில் எங்கிருந்து பிரித்தெடுத்தார்கள் தெரியுமா? கணையத்தில் வளர்ந்த ஒரு கட்டியிலிருந்து. அதே ஆராய்ச்சியின் இன்னொரு முனையில் கிடைத்த வேறொரு பெப்டைட், இன்று புற்றுநோய் சிகிச்சையில் பல ஆயிரம் பேருக்குக் கைகொடுக்கிறது. இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள். முழுசாகப் பார்த்துவிடுவோம்.

கடிதமும் பூட்டும்

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த நீளமான மாலை. பெப்டைட் என்பது அதே மாலையின் குட்டி வடிவம். நீங்கள் கேள்விப்பட்ட இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட். எடைக் குறைப்புக்குப் பேர்போன செமாக்ளுடைடும் பெப்டைட்தான். இவை எல்லாம் சத்துப் பொருட்கள் கிடையாது. தகவல்கள். ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மெசேஜ் போனால் மட்டும் போதாது, அதைப் படிக்க ஆள் வேண்டும். படிக்கும் வேலையைச் செய்வது செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ‘ரிசப்டார்’, தமிழில் ஏற்பி. சாவிக்குப் பூட்டு மாதிரி, ஒவ்வொரு பெப்டைடுக்கும் அதற்கென்று ஏற்பி உண்டு. ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்த மெசேஜ் காதில் விழாது. ஏற்பி இருக்கும் செல்லோ, அது நல்ல செல்லாக இருந்தாலும் கெட்ட செல்லாக இருந்தாலும், சொன்னதைச் செய்யும்.

ஆகவே ஒரு பெப்டைட் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பெரிய அர்த்தம் இல்லை. உடம்பில் அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரே கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன்.

ஆக்சிலரேட்டரைத் தேடப் போய் பிரேக் கிடைத்த கதை

1970-களின் தொடக்கம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சால்க் ஆய்வு நிறுவனத்தில் ரோஜர் கில்லமின் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. நம் மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அது பிட்யூட்டரி சுரப்பிக்குக் கட்டளை போடும். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் கட்டளை எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக இறைச்சிக் கூடங்களிலிருந்து செம்மறி ஆட்டு மூளைகளை லட்சக்கணக்கில் வாங்கி, அரைத்து, வடித்துக்கொண்டிருந்தார்கள்.

1973-ல் ஒரு பெப்டைட் கிடைத்தது. 14 அமினோ அமிலங்கள். ஆனால் அது எதிர்பார்த்ததற்கு நேர்மாறான வேலையைச் செய்தது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்க வைப்பதற்குப் பதிலாக நிறுத்தியது! அதற்கு ‘சொமாட்டோஸ்டாட்டின்’ என்று பெயர் வைத்தார்கள். ஆக்சிலரேட்டரைத் தேடப் போனவர்களுக்குக் கையில் சிக்கியது பிரேக். கில்லமினுக்கும் அவருடைய பரம போட்டியாளர் ஆண்ட்ரூ ஷாலிக்கும், மூளை சுரக்கும் பெப்டைட் ஹார்மோன்கள் குறித்த ஆய்வுகளுக்காக 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. வருஷக்கணக்கில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்த்தவர்கள் ஒரே மேடையில் பரிசு வாங்கினார்கள். இருவரும் மறைந்ததும் ஒரே வருடத்தில், 2024-ல்.

சரி, ஆக்சிலரேட்டர் என்ன ஆனது? அது மூளைக்குள் இருப்பது மிக மிகக் குறைந்த அளவில். ஆகவே வருஷக்கணக்கில் யாருக்கும் பிடிபடவில்லை. கடைசியில் அது கிடைத்த இடம்தான் சுவாரஸ்யம்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு இளம்பெண்ணுக்கு ‘அக்ரோமெகலி’ என்ற பாதிப்பு இருந்தது. வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து, கை, கால், முக எலும்புகள் பெருத்துக்கொண்டே போகும் நோய் அது. வழக்கமாகப் பிட்யூட்டரியில் கட்டி இருந்தால்தான் இப்படி ஆகும். அங்கே அறுவை சிகிச்சை செய்தும் பிரச்சினை தீரவில்லை. பிறகுதான் கணையத்தில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. அதை அகற்றியதும் ஹார்மோன் அளவு இறங்கியது. கணையக் கட்டி அங்கே உட்கார்ந்துகொண்டு, தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரிக்கு ‘இன்னும் சுர, இன்னும் சுர’ என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

இந்தக் கட்டியிலிருந்தும், பிரான்ஸில் இதேபோன்ற இன்னொரு நோயாளியின் கட்டியிலிருந்தும் 1982-ல் அந்த மெசேஜைப் பிரித்தெடுத்தார்கள். விஞ்ஞானிகள் பத்து வருஷத்துக்கு மேல் தேடிய அதே பெப்டைட்: வளர்ச்சி ஹார்மோனை விடுவிக்கும் ஹார்மோன், சுருக்கமாக ஜி.எச்.ஆர்.எச். மூளை சிறுதுளியாக எழுதும் கடிதத்தைக் கட்டி பிரின்டிங் பிரஸ் வைத்து அடித்துத் தள்ளியிருக்கிறது. கட்டி புதிதாக எந்த மொழியையும் கண்டுபிடிக்கவில்லை. நம் உடம்பு பேசும் மொழியிலேயே, சத்தத்தை மட்டும் கூட்டிப் பேசியது. புற்றுநோயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்தக் கடிதத்தைப் படிப்பது யார்?

வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்தில் கலந்ததும் கல்லீரல் அதைப் படித்துவிட்டு, ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு மெசேஜை உடம்பு முழுக்க அனுப்பும். அதன் சாரம் இரண்டே வரி: ‘பெருகு. சாகாதே.’ தசைக்கும் எலும்புக்கும் இது நல்ல செய்தி. ஆனால் அதைப் படிக்கும் ஏற்பி தசையில் மட்டும் இல்லையே. குடல், மார்பகம், புராஸ்டேட் என எல்லா இடத்திலும் இருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் டி.என்.ஏ. பழுதாகி, செத்துப்போக வேண்டிய ஒரு செல்லுக்கும் அதே செய்திதான் போகும்.

இதற்கு மனிதர்களிடமே சாட்சி உண்டு. அக்ரோமெகலி உள்ளவர்களுக்குப் பெருங்குடலில் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சிகள் கூடுதலாக வருகின்றன. அதனால்தான் இந்த நோய் உறுதியானதும் கொலோனோஸ்கோபி செய்யச் சொல்கிறார்கள். நேரெதிர் பக்கமும் உண்டு. தென் அமெரிக்காவின் ஈக்வடாரில் ‘லாரன் சிண்ட்ரோம்’ என்ற பிறவிக் குறைபாடு உள்ள குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் தாராளமாகவே சுரக்கும். ஆனால் அதைப் படிக்கும் ஏற்பி பழுது. அதனால் ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவு, உயரமும் குறைவு. 99 பேரைப் பல வருடங்கள் கண்காணித்து 2011-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒருவருக்குத்தான் புற்றுநோய் வந்திருந்தது. அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. இந்தக் குறைபாடு இல்லாத அவர்களுடைய உறவினர்களில் புற்றுநோய் வந்தவர்கள் 17 சதவீதம்.

‘அப்போ ஐ.ஜி.எஃப்-1 ஏற்பியை அடைத்துவிட்டால் புற்றுநோயே காலி’ என்று நினைக்கத் தோன்றும். மருந்து நிறுவனங்களும் அப்படித்தான் நினைத்தன. அதற்கென்று உருவாக்கிய ஆன்ட்டிபாடி மருந்துகள் பெரிய சோதனைகளில் மண்ணைக் கவ்வின. ஒரு வழி அடைபட்டால் புற்றுநோய் செல் வேறு வழியில் மெசேஜ் வாங்கிக்கொள்ளும். வளர்ந்துவிட்ட கட்டி ஒரே சாவியை நம்பி இருப்பதில்லை.

இப்போது ஜிம் குப்பிக்கு வருவோம். ‘சி.ஜே.சி-1295’ என்ற பெயரில் ஆன்லைனில் விற்கப்படுவது வேறொன்றும் இல்லை, ஜி.எச்.ஆர்.எச். பெப்டைடின் முதல் 29 அமினோ அமிலங்களைக் கொஞ்சம் மாற்றி அமைத்தது. மூளை எழுதும் அசல் கடிதம் ரத்தத்தில் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அது உடம்பு வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடு. இந்தக் குப்பியின் நீடித்த வடிவமோ நாள்கணக்கில் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. இதோடு சேர்த்துப் போடும் ‘இபமோரெலின்’ வேறொரு ஏற்பி வழியாக அதே வேலையைச் செய்கிறது. காயம் ஆறும் என்று விற்கப்படும் ‘பி.பி.சி-157’, விலங்குச் சோதனைகளில் புதிய ரத்தக் குழாய்களை வளர வைத்தது. காயத்துக்கு ரத்தக் குழாய் தேவைதான். கட்டிக்கும் தேவை. மூன்றுமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருப்பவை.

இவற்றைப் போட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. வராது என்று சொல்லவும் ஆதாரம் இல்லை என்பதுதான் விஷயம். ஆனால் ஒன்று கவனியுங்கள். இதே ஜி.எச்.ஆர்.எச். குடும்பத்தில் முறையாகச் சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்ற ஒரு மருந்து இருக்கிறது. பெயர் டெசமோரெலின். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வயிற்றில் சேரும் கொழுப்பைக் குறைக்க 2010-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. அதன் மருந்துச் சீட்டிலேயே, உடம்பில் புற்றுநோய் இருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சிட்டிருக்கிறார்கள். டாக்டர் கேட்டு, சோதித்து, எழுதித் தரும் மருந்துக்கே இந்த எச்சரிக்கை. கூரியரில் வரும் குப்பியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அவ்வளவுதான். இருபத்தெட்டு வயதில் எல்லோரும் ஆரோக்கியமாகத்தான் உணர்வோம். உள்ளே எந்த செல் எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

பிரேக்கை மருந்தாக்கினார்கள்

மறுபடி சொமாட்டோஸ்டாட்டினுக்குப் போவோம். அது வளர்ச்சி ஹார்மோனை மட்டும் நிறுத்துவதில்லை. குடல், கணையம் என்று பல இடங்களில் ஹார்மோன் சுரப்பை அடக்கும் பொதுவான பிரேக் அது. மருந்தாக்கலாம் என்றால் ஒரு பிரச்சினை. ரத்தத்தில் ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் பாதி காலியாகிவிடும். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர்கள், 14 அமினோ அமிலங்களில் ஏற்பியோடு ஒட்டும் முக்கியப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, எளிதில் சிதையாத 8 அமினோ அமில வடிவம் ஒன்றை உருவாக்கினார்கள். அதுதான் ‘ஆக்ட்ரியோடைட்’. 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு மாதம் ஒரு முறை இடுப்பில் போட்டுக்கொள்ளும் ஊசியாகவும் வந்தது.

இது யாருக்கு? நியூரோஎண்டோகிரைன் கட்டி உள்ளவர்களுக்கு. நடிகர் இர்ஃபான் கானுக்கு 2018-ல் வந்தது இதுதான். பெயரில் ‘நியூரோ’ இருந்ததால் மூளைக் கட்டி என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். நியூரோ என்றாலே மூளை அல்ல என்று அவரே விளக்க வேண்டியிருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் கணையத்தில் வந்ததும் இந்த வகைதான். குடல், கணையம், நுரையீரல் என்று எங்கும் இருக்கும் ஹார்மோன் சுரக்கும் செல்களில் பிறப்பவை இவை. பல கட்டிகள் மெதுவாக வளரும். சில கட்டிகள் செரட்டோனின் போன்ற பொருட்களைக் கொட்டித் தள்ளும். முகம் திடீர் திடீரென்று சிவந்து சூடாகும், வயிற்றுப்போக்கு நிற்காது.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை தங்கள் மேற்பரப்பில் சொமாட்டோஸ்டாட்டின் ஏற்பிகளை ஏராளமாக வைத்திருக்கின்றன. அதாவது, புற்றுநோயாக மாறிய பிறகும் பழைய பிரேக் ஒயரை அவை கழற்றவில்லை. ஆக்ட்ரியோடைட் அந்த ஒயரைத்தான் இழுக்கிறது. முதலில் வயிற்றுப்போக்கையும் முகம் சிவப்பதையும் அடக்கத்தான் இதைக் கொடுத்தார்கள். கட்டியின் வளர்ச்சியையும் இது தாமதப்படுத்தும் என்று நிரூபித்தது 2009-ல் ஜெர்மனியில் வெளியான ‘ப்ராமிட்’ சோதனை. 85 நோயாளிகள். மருந்து போட்டவர்களுக்கு நோய் முற்றச் சராசரியாக 14.3 மாதம் ஆனது. போடாதவர்களுக்கு 6 மாதம்.

விலாசம் தெரிந்த பிறகு பார்சல் அனுப்பலாமே!

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். கட்டியின் மேல் இவ்வளவு பூட்டுகள் இருக்கின்றன, சாவியும் கையில் இருக்கிறது. சாவியின் காதில் எதையாவது கட்டி அனுப்பினால்?

நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் எரிக் க்ரென்னிங் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். 1989-ல் கதிரியக்க அயோடின் கட்டிய பெப்டைடை உடம்பில் செலுத்தி, கட்டி எங்கே இருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டினார்கள். பிறகு இன்னும் ஒரு படி மேலே போனார்கள். படம் பிடிக்கும் கதிருக்குப் பதிலாக, செல்லைக் கொல்லும் கதிரைக் கட்டினால் என்ன? இன்று அந்த வேலைக்குப் பயன்படுவது லுட்டீசியம்-177. பெப்டைட் கட்டியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். கட்டி செல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். லுட்டீசியம் உமிழும் பீட்டா கதிர் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர்தான் போகும். ஆகவே அடி விழுவது பெரும்பாலும் கட்டிக்கும் அதை ஒட்டிய இடத்துக்கும். கீமோவைப் போல ஊரையே கொளுத்தும் வேலை இல்லை.

2017-ல் வெளியான ‘நெட்டர்-1’ சோதனையில் சிறுகுடல் பகுதிக் கட்டிகள் உள்ள 229 பேர் இருந்தார்கள். 20 மாத முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள், லுட்டீசியம் பெற்ற பிரிவில் 65.2 சதவீதம். அதிக அளவு ஆக்ட்ரியோடைட் மட்டும் பெற்ற பிரிவில் 10.8 சதவீதம். புற்றுநோய் சிகிச்சையில் இப்படிப்பட்ட இடைவெளி அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆனால் ‘கேன்சருக்கு அணுசக்தி மருந்து, முற்றிலும் குணம்’ என்று ஃபார்வர்டு வந்தால் நம்பாதீர்கள். கட்டி கணிசமாகச் சுருங்கியது 18 சதவீதம் பேருக்குத்தான். மற்ற பலருக்குக் கட்டி வளராமல் நின்றது. நீண்டகாலக் கணக்கில் லுட்டீசியம் பிரிவில் ஆயுள் 48 மாதம், மற்ற பிரிவில் 36.3 மாதம். ஆனாலும் அந்த வித்தியாசம் புள்ளியியல் ரீதியாக உறுதிப்படவில்லை. மற்ற பிரிவில் இருந்தவர்களில் பலர் நோய் முற்றியபின் இதே லுட்டீசியம் சிகிச்சைக்கு மாறியதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சிறுநீரகத்தையும் எலும்பு மஜ்ஜையையும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகத்தைக் காக்க, மருந்தோடு சேர்த்து அமினோ அமிலக் கரைசலை மணிக்கணக்கில் டிரிப்ஸில் ஏற்றுவார்கள்.

இன்னொரு முக்கியமான வரம்பும் உண்டு. எல்லா நியூரோஎண்டோகிரைன் கட்டியும் பூட்டை வைத்திருப்பதில்லை. வேகமாகப் பெருகும் முரட்டு வகைகள் பல நேரம் அந்த ஏற்பிகளைக் கைவிட்டுவிடும். பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவியை அனுப்பி என்ன பயன்? ஆகவேதான் சிகிச்சைக்கு முன் கேலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். அதே சாவியில் படம் பிடிக்கும் கதிரைக் கட்டி அனுப்பி, கட்டி ஒளிர்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். ஒளிர்ந்தால்தான் லுட்டீசியம். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் பேசுவது என்றால் இதுதான். இதையும், யூடியூப் பார்த்து வயிற்றில் குத்திக்கொள்ளும் குப்பியையும் ஒரே ‘பெப்டைட் தெரபி’ என்ற பெயரில் அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்து ட்ராம்பேயில், நோயாளி எங்கே?

லுட்டீசியம்-177 வெளிநாட்டிலிருந்து மட்டும் வரும் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மும்பை ட்ராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ‘துருவா’ அணு உலையிலேயே தயாராகிறது. நாட்டின் பெரிய அணு மருத்துவப் பிரிவுகளில், தமிழ்நாட்டில் உள்ளவை உட்பட, இந்தச் சிகிச்சை பல வருடங்களாகக் கொடுக்கப்படுகிறது. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 6.6 நாள். அதாவது உலையிலிருந்து எடுத்த ஒரு வாரத்துக்குள் பாதி வீரியம் போய்விடும். ஸ்டாக் வைக்க முடியாது. நோயாளியின் தேதியும் உலையின் தேதியும் ஒத்துப்போக வேண்டும். இந்த ஏற்பாட்டை இத்தனை வருடமாக ஓட்டிக்கொண்டிருப்பது சாதாரண விஷயமில்லை. சந்திரயானுக்குக் கைதட்டும் நாம் இதற்கும் கொஞ்சம் தட்டலாம்.

என் ஆதங்கம் வேறு இடத்தில். இந்தக் கட்டிகள் பலருக்கு வருடக்கணக்கில் ஐ.பி.எஸ்., அல்சர், டென்ஷன், மெனோபாஸ் என்ற பெயர்களிலேயே ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டை மாத்துங்க, தயிர் சாதம் சாப்பிடுங்க என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கட்டி கல்லீரலுக்குப் பரவிய பிறகுதான் பெயர் தெரியும். மெதுவாக வளரும் நோயில், அந்த மெதுவான வருடங்களைத்தான் நாம் வீணடிக்கிறோம். சிகிச்சைக்குக் காப்பீடு, மானியம் என்று பேசுவதெல்லாம் சரி. அதற்கு முன், ஏற்பி இருக்கிறதா என்று பார்க்கும் அந்த ஒரு ஸ்கேன் பெரிய நகரங்களை விட்டு வெளியே வர வேண்டும். அதற்கான கேலியம்-68-க்கு அரை ஆயுள் 68 நிமிடம்தான். லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது, அந்தந்த ஊரிலேயே தயாரித்தாக வேண்டும். அரசு பணம் போட வேண்டிய இடம் அது என்பேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நியூரோஎண்டோகிரைன் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால், கூகுள் செய்வதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: கேஐ-67 எவ்வளவு? அது கட்டி பெருகும் வேகத்தைச் சொல்லும் எண். அடுத்து, டோட்டாடேட் ஸ்கேனில் கட்டி ஒளிர்கிறதா? எல்லாக் கட்டிகளும் ஒளிர்கின்றனவா, சிலது மட்டுமா? ஊசியா, அறுவை சிகிச்சையா, லுட்டீசியமா, கீமோவா என்ற பேச்சு இந்தப் பதில்களுக்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.